நீல டீ-சர்ட்டின் அளவு

கண்ணாடியையும் எடை பார்க்கும் மெஷினையும் ஞானதுரை நம்புவதில்லை. வியாதி வந்த பிறகு அவர் நம்பியது அந்த நீல டீ-சர்ட்டை மட்டும்தான். வாரந்தோறும் அதைப் போட்டு, தோளில் தையல் சரியாக உட்கார்ந்திருப்பதைத் தடவிப் பார்த்து, "நான் எங்க இளைச்சேன்?" என்பார். மனைவி செண்பகம் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுவாள்.

மொட்டைமாடியில் அவள் அதைக் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மெர்சி பதறுவாள். "பச்சத்தண்ணில அலசி நிழல்ல போடுங்கக்கா. இப்படி வேக வச்சா சின்னப்புள்ள சட்டையாயிரும்."

"ஆகட்டும்" என்று செண்பகம் உச்சிவெயிலில் விரிப்பாள். சுருங்கச் சுருங்கத் துணி சொரசொரத்தது. "மெத்துனு இருந்தது போச்சு. ஆனா அளவு அப்படியே இருக்கு பாரு" என்று அவர் சிரிப்பார்.

இன்று காய்ந்ததை எடுத்துத் தோளுக்குத் தோள் சாண் வைத்தாள். போன வாரத்து அளவேதான். மறுபடி வேகவைத்து, மறுபடி காயவைத்தாள். மறுபடி சாண் வைத்தாள். அதே அளவு. துணி சுருங்குவதை நிறுத்திவிட்டிருந்தது.

"செம்பா, இன்னுமா காயல? குளிச்சிட்டு நிக்கிறேன்" என்று கீழிருந்து அவர் குரல் வந்தது.

"ஈரமா இருக்குங்க" என்றாள், மொடமொடவென்று காய்ந்திருந்த டீ-சர்ட்டை இரு கைகளாலும் பிழிந்துகொண்டே.