பெண்கள் எத்தனை

காலையிலிருந்து நின்றே பாடம் நடத்தி மருதாசலம் வாத்தியாருக்கு முழங்கால் கடுத்தது. ஐந்து வகுப்புக்கு மூன்றே வாத்தியார்கள். இன்ஸ்பெக்டருக்கு அனுப்பும் தாளில் பெண்கள் எத்தனை என்று கேட்டிருந்தது. பதிவேட்டில் மூன்று பெயர். எண்ணிவிட்டு வந்த பியூன் ராசு, "நாலுங்க" என்றான்.

வாத்தியாரே போய்ப் பார்த்தார். பெண்கள் பெஞ்சில் மூன்று பேரும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு ஓரத்தில் ஒண்டியிருந்தார்கள்.

"நடுவுல தள்ளி உக்காருங்க சாமி."

"பாவாயி இருக்குதுங்க சார்."

தறிக்காரர் மகள் பாவாயி போன மாதம் காய்ச்சலில் செத்துப்போனாள். பத்து நாள் வரவில்லை என்று, அவள் பாயில் கிடக்கும்போதே வாத்தியார் அவள் பெயரைப் பதிவேட்டில் அடித்திருந்தார். அன்றே அவள் அம்மா ஓடி வந்தாள்.

"உசுரோட இருக்கற புள்ள பேர அடிச்சுப்போட்டீங்களே சாமி!"

"வந்தா மறுபடி எழுதிக்கறேன், போ" என்றார்.

தாளில் மூன்று என்றே எழுதி அனுப்பினார். பாவாயி வந்துவிட்டாள். அவள் பெயரை எழுதுவது இன்னும் பாக்கி.