அவசரமில்லாத பயணம்

படார்!

பின் கதவு அறைந்து சாத்தப்பட்ட வேகத்தில் காரே ஒரு குலுங்கு குலுங்கியது. ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும்.

“கோபம் என் மேலன்னா என் மேல காட்டு. கதவு என்ன பண்ணுச்சு?” என்றபடி ஆக்சிலேட்டரை மிதித்தார். சாலையோரத்துத் தர்பூசணிக் குவியலும் அதை விற்ற பெண்ணின் கொட்டகையும் புழுதியில் மறைந்தன.

இருவரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றவர்கள். அவர் நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடம். அவசரமே இல்லாமல் வயல்வெளிகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், தோன்றிய இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. சரி என்று தலையாட்டியவர், எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்டுவது என்று எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

நேற்று ஒரு குளம் நிறைய வாத்துகள். “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று அவள் சொல்லச் சொல்ல, கார் நாலு வயல் தாண்டிப் போய்விட்டது. இன்று காலையில் அவள் முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால், பைகளுக்கும் போர்வைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சமாதானத்துக்காகத்தான் தர்பூசணிக் கடையில் நிறுத்தினார். அங்கேதான் வம்பு. “அக்கா எங்க வேலை பார்த்தீங்க?” என்று கடைக்காரப் பெண் கேட்டதற்கு, அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“அவ சும்மா, பொழுது போகலன்னு போயிட்டு வந்தா.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, “அஞ்சே நிமிஷம்!” என்று கத்திவிட்டு வந்து காரில் உட்கார்ந்தவர்தான். அப்புறம்தான் அந்தப் படார்.

இரண்டு பக்கமும் சூரியகாந்தி. அவர் கண்ணில் ரோடு மட்டும்தான் பட்டது.

“என்ன பெரிசா சொல்லிட்டேன்? ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். உடனே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கணுமா?”

பதில் இல்லை.

“முப்பத்தாறு வருஷம் அந்தப் பஞ்சுத் தூசியில நின்னவன் நான். ஏசி ரூம்ல உக்காந்து ஊசி குத்துனவங்களுக்கு அது எங்க தெரியப் போவுது?”

அதற்கும் பதில் இல்லை. பாக்கெட்டில் போன் அடித்தது. தெரியாத நம்பர். “இன்சூரன்ஸ்காரனா இருப்பான்” என்று கட் செய்தார். மறுபடி அடித்தது. அணைத்தே வைத்துவிட்டார்.

மௌனம் காதை அடைத்தது. இவள் கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி. நான் சொன்னது தப்புதான். ராத்திரி ட்யூட்டி முடிச்சுட்டு வந்து நீ பாத்திரம் கழுவுனதெல்லாம் நான் பார்க்காமலா இருந்தேன்? மூணாம் மனுஷங்க முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. போதுமா?”

இத்தனை வருடத்தில் அவர் இப்படி இறங்கிப் பேசியதே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு ‘ம்’ கூட வரவில்லை.

“இவ்வளவு சொல்லியும் வாயைத் திறக்க மாட்டியா? திமிரு! உடம்பு பூரா திமிரு!”

அந்த நேரம் பார்த்து, பின்னால் ஒரு சின்ன லாரி ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடியில் அதன் ஹெட்லைட் வெளிச்சம் பட்டப்பகலில் விட்டு விட்டு அடித்தது. அவருக்கு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த ரத்தம் தலைக்கு ஏறியது.

“அய்யாவுக்கு முந்திப் போகணுமாம். விட்டேனா பார்!” ரோட்டின் நடுவில் ஏறிக்கொண்டார். லாரி இடது பக்கம் வந்தால் இடது பக்கம், வலது பக்கம் வந்தால் வலது பக்கம்.

ஒரு வளைவில் ரோடு அகன்றது. லாரி சீறிக்கொண்டு முந்திப் போய், குறுக்கே நின்றது. அவர் பிரேக்கை மிதித்த மிதியில் டாஷ்போர்டுக் காகிதம் பிய்ந்து காலடியில் விழுந்தது.

“லைசென்ஸ் இருக்கா உனக்கு?” என்று கையை ஓங்கியபடி இறங்கினார்.

லாரியிலிருந்து குதித்தவள் தர்பூசணிக் கடைக்காரப் பெண். “பன்னெண்டு கிலோமீட்டரா ஹார்ன் அடிக்கிறேன் சார்! போன் பண்ணா கட் பண்றீங்க. உங்களுக்குக் காதும் கேக்காதா, கண்ணும் தெரியாதா?”

லாரியின் அடுத்த கதவு திறந்தது. அவருடைய மனைவி இறங்கினாள்.

அவர் திரும்பித் தன் காரைப் பார்த்தார். பின் சீட்டில் பைகள். பக்கத்தில், ஆள் உட்கார்ந்திருப்பது போலக் குவிந்திருந்த போர்வை.

“அப்ப... அந்தக் கதவு?”

“மூக்குக்கண்ணாடி எடுக்க வந்தேன். எடுத்துட்டுச் சாத்துனேன்.”

காரில் அவ்வளவு நேரம் பேசிய வாய் இப்போது உலர்ந்து போயிருந்தது. வழியெல்லாம் சொன்னதை இன்னொரு தரம் சொன்னால் போதும். ஆனால் அவள் முகத்துக்கு நேராக அது வரவில்லை. கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது.

“சரி சரி, ஏறு. ஏற்கெனவே லேட்டு.”

அவள் காரின் பின் கதவைத் திறந்தாள். உள்ளே குனிந்து, தன் பையை இழுத்து வெளியே எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

“நான் ஏற வரல. இதை எடுக்கத்தான் வந்தேன்.”