கவசம் ஏன் விற்கவில்லை?

மேடுபள்ளத்தில் பைக் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கான கவசங்களைத் தயாரிக்கும் கம்பெனி அது. அதன் விளம்பர வீரன் மேனேஜர் முன்னால் தலைகுனிந்து நின்றான். பக்கத்தில் அவன் மனைவி.

“மூணு மாசமா நெஞ்சுக்கவசம் விற்பனை பாதியாயிடுச்சு. ஏன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு, கடை கடையா ஏறி விசாரிச்சேன். எல்லாரும் உன் பேரைத்தான் சொல்றாங்க. கடைசி மூணு பந்தயத்துல என்னப்பா பண்ணி வச்சிருக்க?”

“தப்புதான் சார்.”

“அவரைத் திட்டாதீங்க சார். எல்லாம் என்னால வந்த வினை” என்றாள் மனைவி. “வயித்துல பிள்ளை இருக்கு, பார்த்து ஓட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“அதுக்காக இப்படியா? ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போடச் சொல்றார் முதலாளி!”

“பழையபடி ஓட்டிடறேன் சார். ஒரே ஒரு சான்ஸ் குடுங்க.”

மேனேஜர் பெருமூச்சு விட்டார்.

“மூணு தடவையும் முதல்ல வந்து கோப்பையைத் தூக்கிக் காட்டினா, எவன்யா கவசம் வாங்குவான்? முன்னெல்லாம் வளைவுக்கு வளைவு குட்டிக்கரணம் அடிச்சு விழுவ. தூசியைத் தட்டிட்டு எழுந்து சிரிப்ப. ‘அவன் போட்டிருக்கிற கவசம் எனக்கும் ஒண்ணு’ன்னு ஜனம் கடைக்கு ஓடிச்சு!”

“இந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா விழுந்துடறேன் சார்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்த வளைவுன்னு இப்பவே சொல்லிடுங்க சார். நான் முன்னாடியே போய் அங்க ஒரு மெத்தையைப் போட்டு வைக்கிறேன்.”

மேனேஜர் பதறி எழுந்தார்.

“வேணாம்மா! அப்புறம் ஊரே மெத்தை வாங்கப் போயிடும்!”