குனியும் வாசல்

பால் காய்ச்சும் நாள் நெருங்கிவிட்ட அவசரத்தில், அடுக்களை வாசலுக்கு மேலே போன வயர் பைப்புக்கு இரண்டு முனையிலும் மட்டும் கிளாம்ப் அடித்துவிட்டுப் போனவன் எலக்ட்ரீஷியன் எபநேசர். புதுப் பைப் அன்றைக்கு நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் நின்றது. அடுப்புச் சூட்டில் அது இளகி, வாசலுக்குக் குறுக்கே தொங்குவதைச் சில வருடம் கழித்துக் கேள்விப்பட்டு, கூப்பிடாமலே வந்தான்.

"எங்க அடுப்புச் சூடுதான் தம்பி காரணம். உங்க வேலையில குத்தமில்ல," என்றாள் வீட்டுக்காரி தவமணி.

அவன் பழைய பைப்பைக் கழற்றினான். வேறு பைப் மாட்டி, சாணுக்கு ஒரு கிளாம்ப் வைத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கை வலிக்க இறுக்கினான்.

தவமணி டீ கொண்டுவந்தாள். வாசலில் குனிந்துதான் வந்தாள்.

"இனி குனிய வேணாம்க்கா."

"அட, ஆமால்ல! பழகிப்போச்சு."

அவள் பின்னால் முறுக்குத் தட்டோடு சின்ன மகள் வந்தாள். தொங்கிய பைப்கூட, கையைத் தூக்கினாலும் அவளுக்கு எட்டியிருக்காது. அவளும் அதே இடத்தில் குனிந்து நிமிர்ந்தாள்.

 எபநேசர் பாதி டீயோடு டம்ளரை அடுக்களைக்குள் வைக்க எழுந்தான்.

"குனிஞ்சு போங்க மாமா, இடிக்கும்," என்றாள் குழந்தை.

குனிந்தான்.