ஷட்டரில் ஓட்டை

"ஓட்டை ஷட்டருக்குக் காவலா உட்கார்ந்துக்கிட்டா அன்னிக்கு என்னை அந்த விரட்டு விரட்டினீங்க?"

மீன் ஆராய்ச்சிக்காரி உள்ளே நுழைந்த வேகத்தில் மேஜை மேலிருந்த டீ டம்ளர் ஆடியது. ஷட்டர் ஆபரேட்டர் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களாம்மா? என்ன ஓட்டை?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் குறுக்கே ஷட்டர் போட்ட தடுப்பணை. அறுவடை முடியும்வரை உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறக் கூடாது, ஷட்டரை மூடியே வை என்று மேலிடத்து உத்தரவு. சினை மீன்களுக்கு உத்தரவு படிக்கத் தெரியுமா? அவை மேலே போனால்தான் முட்டையிட முடியும். இரண்டு மாதத்துக்கு முன்பு இதே அறையில் நின்று, "கடல் ஏறும்போது கொஞ்ச நேரம் தூக்கி விடுங்க" என்று அழாத குறையாகக் கெஞ்சினாள். "என் வேலைக்கு உலை வைக்க வந்தீங்களா?" என்று கத்தி வாசலைக் காட்டினார் மனிதர். ஈவு இரக்கமில்லாத ஜென்மம் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

"நாப்பது மீனோட வயித்துல கருவி வெச்சு விட்டேன்ல..."

"தெரியுமே. மீனுக்கு ஆபரேஷன் பண்ற டாக்டரம்மா."

"கிண்டல் வேறயா? ஒவ்வொரு கருவியும் தன் நம்பரைச் சொல்லிக்கிட்டே போகும். அதைக் கேட்கறதுக்கு ஷட்டருக்கு வெளிப்பக்கம் ஒரு பெட்டி கட்டியிருக்கேன். உள்பக்கமும் ஒண்ணு."

ஆபரேட்டரின் முகம் மாறியது. "உள்பக்கமா? யாரைக் கேட்டுக் கட்டினீங்க?"

"உங்களைக் கேட்டா விட்டிருப்பீங்களா? நாப்பதுல முப்பத்தொரு மீன் உள்ள வந்திருக்கு! மூடின ஷட்டரைத் தாண்டி! அதுவும் சரியா கடல் ஏறுற நேரம் பார்த்து. தண்ணி அழுத்தத்துல எங்கேயோ வாய் திறக்குது. அடியில துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க."

"அதான் மீன் போயிடுச்சுல்ல!" அவர் மேஜையை ஓங்கித் தட்டினார். "விட்டுத் தொலைய வேண்டியதுதானே! உங்களுக்கு மீன் வேணுமா, ஓட்டை வேணுமா?"

"நீங்க அன்னிக்குப் பேசின பேச்சுக்கு ரெண்டும் வேணும்! தேதி, மணி, நிமிஷம் எல்லாம் போட்டுப் பெரிய இன்ஜினீயருக்கு எழுதிட்டேன். ஆள் இறக்கிப் பார்க்கப் போறாங்க."

"அனுப்பியாச்சா?"

"நேத்தே போயாச்சு. என்ன, பயம் வந்திடுச்சா?"

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். குரலில் அத்தனை நேரம் இருந்த கோபம் இப்போது இல்லை.

"எத்தனை பேரை இறக்கினாலும் ஓட்டை கிடைக்காதும்மா. அப்படி ஒண்ணு இருந்திருந்தா, நீங்க அன்னிக்குக் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போனதுலேர்ந்து கடல் ஏறும்போதெல்லாம் யாருக்கும் தெரியாம நான் எதுக்கு ஷட்டரைத் தூக்கி விட்டுக்கிட்டிருக்கப் போறேன்?"