ஒத்திகைச் சட்டை

லேப் அக்கா ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. ஒரு காலத்தில் அவளுடையதுதான். ஆணாக அவள் போட்ட கடைசிச் சட்டை. இப்போது மார்புப் பொத்தான் சேராது. போட்ட உடனே தோள் தானாக விறைத்துக்கொள்ளும். அதுதான் அவளுக்குப் பிடிக்காது.

விட்டு வந்த வீட்டுக்கு யாராவது திரும்பிப் போகிறார்கள் என்றால், கிளம்புவதற்கு முன்னால் சங்கத்தில் ஓர் ஒத்திகை உண்டு. அதில் லேப் அக்காவுக்கு அப்பா வேஷம். டெய்லர் அக்காவுக்கு அம்மா வேஷம்.

திருநங்கையருக்கான அந்தச் சங்கத்தை நடத்துவதும் இந்த இரண்டு பேர்தான். ஒருத்திக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இன்னொருத்திக்குத் தையல் கடை. விடுமுறை நாளில் ஜெராக்ஸ் கடை மாடியிலுள்ள இந்த அறையைத் திறப்பார்கள். சங்கத்தின் உதவி எண்ணுக்கு வரும் போனை எடுப்பது லேப் அக்கா.

"பேருதான் தலைவி. பெருக்குறதும் நாமதான்" என்பாள் டெய்லர் அக்கா.

ஒத்திகைக்கு ஒரே விதி. போகிறவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் வைத்துப் பேச வேண்டும். சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. அவரவர் வீட்டுப் புண்ணை அடுத்தவள்மேல் தடவிவிடக் கூடாது என்பதற்காக லேப் அக்கா போட்ட விதி அது.

இன்றைக்குப் போகிறவளுக்குச் சங்கத்தில் பொடிசு என்று பெயர். டெய்லர் அக்கா தைத்துக் கொடுத்த பச்சை கவுன் போட்டிருந்தாள். மடியில் பை. மேஜைமேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த கைபேசியில் அண்ணன் அனுப்பிய செய்தி.

'தங்கச்சி, எந்த பஸ்? நான் வண்டியோட நிக்கிறேன். அப்பாவை நான் பாத்துக்கிறேன்.'

மாடி ஏறி வந்த எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டியாகிவிட்டது.

"தங்கச்சியாம்க்கா! எங்க வீட்டுலேர்ந்து என்னைத் தங்கச்சின்னு!"

லேப் அக்கா சிரிக்கவில்லை. காலையில் ஒரு போன் வந்ததிலிருந்தே அவள் சரியாகப் பேசவில்லை.

அவளுக்கு இன்று ஒரே எண்ணம். இந்தப் பெண் பஸ் ஏறக் கூடாது. ஏன் என்று சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

சொல்ல முடியாததால் அப்பா வேஷத்தில் கத்தினாள்.

"யாரைக் கேட்டு வாசப்படி ஏறின? போ வெளிய!"

டெய்லர் அக்கா மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். அவளுக்குக் கண்ணீர் என்பது குழாயைத் திருகுகிற மாதிரி.

பொடிசு அசரவில்லை. "அக்கா, எங்கப்பா ஒரு வருஷத்துக்கு வெச்சிப் பேசுற வார்த்தை இது. நீங்க ஒரே மூச்சுல செலவு பண்ணிட்டீங்க."

அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

லேப் அக்கா மேஜையை ஓங்கித் தட்டினாள். காலை உடைப்பேன் என்றாள். உன்னைத் தலை முழுகியாகிவிட்டது என்றாள். மானம் போனது, மரியாதை போனது என்றாள். எத்தனையோ அப்பாக்கள் பேசியவை. கைவசம் நிறைய இருந்தன.

பொடிசு ஒவ்வொன்றுக்கும் தணிந்த குரலில் பதில் சொன்னாள். குரல் உயர்த்தாமல், கண்ணைத் தாழ்த்தாமல், அழாமல். லேப் அக்கா கற்றுக்கொடுத்தது எல்லாம் அப்படியே வந்தது.

"பாஸா, பெயிலா?" என்று கேட்டுக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள். "நேரமாச்சு. அண்ணன் இருக்கான்க்கா, நீங்க ஏன் பயப்படுறீங்க?"

சார்ஜரைப் பிடுங்கப் போனவளுக்கும் மேஜைக்கும் நடுவில் லேப் அக்கா வந்து நின்றாள்.

வாய் திறந்தபோது கத்தல் வரவில்லை. தொண்டையிலேயே பாதி தங்கிவிடுகிற, மெலிந்த குரல் ஒன்று வந்தது.

"வராதம்மா. அண்ணன் கூப்பிட்டான்னு வராத. அவன் தனியா நிக்கல, ஆளுங்களோட நிக்கிறான். என்னால தடுக்க முடியாது... உன் தொட்டிக்கு நான்தான் தண்ணி மாத்துறேன். மஞ்ச மீனு செத்துப்போச்சு. கறுப்பு மட்டும் இருக்கு. நான் பாத்துக்கிறேன். நீ வராத."

டெய்லர் அக்காவின் அழுகை சட்டென்று நின்றது.

"என்னடி இது, மீனு கீனுன்னு! அவ ஏதாவது சொன்னாளா அப்படி? சொந்தச் சரக்கு கூடாதுன்னு நீதானே விதி போட்ட?"

லேப் அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடி நின்றது.

பொடிசு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். இந்த அறையில் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அப்பா உட்காரும் விதம், அம்மாவின் இருமல், அண்ணனின் வண்டி. அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்த சின்ன மீன் தொட்டியை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்தது.

"அது அவங்க சரக்கு இல்லக்கா" என்றாள் டெய்லர் அக்காவிடம்.

பிறகு திரும்பி, லேப் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், அந்த நீலக் கோட்டுச் சட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா போன்ல அழுதாரா?"

லேப் அக்கா ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

பொடிசின் தோளிலிருந்து பை நழுவியது. அவள் பிடிக்கவில்லை.

மேஜைமேல் கைபேசி ஒளிர்ந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள்.

'தங்கச்சி, ஏறிட்டியா?'