தொறந்தா போறேன்

"இந்தக் கதவ நைனா தொறந்தாத்தான் நான் பஸ் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு, கடைசி ஸ்குரூவையும் முறுக்கித் திருப்புளியைக் கீழே வைத்தான் அன்புச்செல்வன்.

கட்டிலை ஒட்டிய சின்ன அலமாரி. அதன் பழைய தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு மேக்னட் மாட்டியிருந்தான். காந்தம் உள்ளே சட்டத்தில், அது பிடித்துக்கொள்ள ஒரு சின்ன இரும்புத் தகடு கதவில். மூடிப் பார்த்தான். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது.

யோசனை பிசியோதெரபி டாக்டருடையது. "வலது கையால தினம் இழுக்கட்டும். பிடிமானம் வந்துட்டா வாக்கரைப் பிடிச்சு நடந்துக்குவாரு. அப்புறம் அம்மா ஒருத்தரே பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார்.

பாண்டுரங்கன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்தார். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நெல் மூட்டை லோடு அடித்துக்கொண்டிருந்த டிரைவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து, பாத்ரூமுக்குக்கூட மகன்தான் தூக்கிக்கொண்டு போகிறான்.

செத்துக் கிடந்த விரல்களை இடது கையால் எடுத்துக் கைப்பிடியில் மாட்டினார். இழுத்தார். கதவு அசையவில்லை, கைதான் நழுவி மடியில் விழுந்தது.

"பாத்தியாம்மா? இப்படி உட்டுட்டு என்னைப் போவச் சொல்றியே."

"டேய், நாளன்னைக்கு ஒரகடத்துல கம்பெனி வேலைல போய்ச் சேரலன்னா அந்த எடத்த வேற எவனுக்காவது குடுத்துடுவான்டா. எத்தினி வேலையத்தான் இப்படி உடுவ? உன் வயசுப் பசங்கல்லாம் கல்யாணம் பண்ணி புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பறானுங்க!" ஆண்டாள் கத்தினாள். அவளுக்கு அப்படியொரு ஆத்திரம். யார்மேல் என்றுதான் அவளுக்கே தெரியவில்லை.

"நைனாவ யாரு தூக்கறது? நீயா? அன்னிக்கு ஒருநாள் தூக்கிட்டு இடுப்பப் புடிச்சிக்கினு கெடந்தியே, மறந்துட்டியா?"

போன தடவையும் இப்படித்தான் கெஞ்சிக் கூத்தாடி வேலைக்கு அனுப்பி வைத்தார்கள். திண்டிவனத்துக்கு முன்னால் தீவனூர் வரைக்கும் போனவன், பாதியில் இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடித்து வாசலில் வந்து நின்றான். கேட்டதற்கு, மனசு கேக்கலம்மா என்றான்.

"நாளைக்குக் காலைல நைனா தொறக்கட்டும். தொறந்தா போறேன். தொறக்கலன்னா இனிமே இந்த வீட்டுல வேலப் பேச்சே எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."



மறுநாள் காலை, பல் தேய்த்துவிட்டு வந்த அன்பு கட்டிலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு ஆண்டாளும் வந்து நின்றாள்.

பாண்டுரங்கன் விரல்களைக் கைப்பிடியில் மாட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

வரவில்லை.

ஆண்டாளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "ஏங்க, இன்னொரு வாட்டி இழுங்க. கொஞ்சமா இழுத்தாக்கூடப் போதும், இழுங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும் இழுத்தார். கதவு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒருவழியாகத் திறந்தது. அன்பு கதவைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நைனா!" பாய்ந்து போய் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "தொறந்துட்ட நைனா! யம்மா, பாத்தியா? எங்க, இன்னொரு வாட்டி..."

"அவரு கைய ஒரே நாள்ல கழட்டிடாத. போய்க் குளிடா, பஸ்ஸு இன்னா உனக்கோசரம் நிக்குமா?" ஆண்டாள் அவசரமாகக் கதவைத் தள்ளினாள். அது சத்தமே இல்லாமல் போய் மூடிக்கொண்டது. அடுப்படியில் குக்கர் விசிலடித்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காலில் விழுந்தவனின் தலையைப் பாண்டுரங்கன் இடது கையால் தடவினார்.

"அடுத்த வாட்டி நீ வரும்போது பாரு, வாக்கர்ல தெருமுனைக்கே வந்து நிக்கறேன்."

"வந்து நிக்கணும் நைனா. டெய்லி வீடியோ கால் போடுவேன், ஏமாத்தக் கூடாது." சிரித்துக்கொண்டே போனான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பி அவன் மறையும்வரை ஆண்டாள் வாசலிலேயே நின்றாள். இனி காலையும் மாலையும் அவரைத் தூக்க வேண்டியது அவள்தான். நினைத்தபோதே இடுப்பு வலித்தது. வலிக்கட்டும், பிள்ளையாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பாண்டுரங்கன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இழுத்த களைப்பில் தூங்கிவிட்டார் போலிருக்கிறது.

அவள் ஓசைப்படாமல் அலமாரி முன்னால் மண்டியிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். விடிவதற்கு முன்னால் எழுந்து கழற்றி வைத்திருந்த இரும்புத் தகடும் ஸ்குரூக்களும் உள்ளங்கையில் விழுந்தன.

தூங்கி எழுந்ததும் மனுஷன் ஆசையாக மறுபடி இழுத்துப் பார்ப்பார். காந்தம் பிடிக்காத கதவைத்தான் திறந்தோம் என்று தெரிந்தால் உடைந்துபோவார். அவர் எழுவதற்குள் மாட்டிவிட வேண்டும். திருப்புளியை எடுத்தாள்.

சுவர்ப் பக்கமிருந்து, திரும்பாமலே அவர் குரல் வந்தது.

"தகட்ட இப்ப மாட்டாத ஆண்டாளு. பஸ்ஸு திண்டிவனம் தாண்டட்டும்."